கையில் இருப்பது ஸ்டில்லா, வீடியோவா?

ஒரே கேமராவில் போட்டோவும் எடுக்கலாம், படமும் பிடிக்கலாம். வசதிதான். தாலி கட்டுகிற நிமிடத்தில் அது வசதியா, வம்பா? கல்யாண மேடை முதல் உச்ச நீதிமன்றம் வரை போய்வந்த ஒரு கறுப்புப் பெட்டியின் கதை.

வைகாசி முகூர்த்தம். காலை ஆறே முக்கால். கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஹோமப் புகை மேடையை மூடிக்கொண்டிருக்கிறது. தட்டில் வைத்த தாலி பெரியவர்கள் கைபட்டு வரிசை வரிசையாக நகர்கிறது. மேடையின் இடது ஓரத்தில் கறுப்பு டீ-ஷர்ட் போட்ட இளைஞர். ஒற்றை ஆள். கழுத்தில் ஒரே ஒரு கேமரா. போட்டோவும் அதில்தான், வீடியோவும் அதில்தான். கேமராவின் தலையில் உள்ள குமிழை இந்தப் பக்கம் திருப்பினால் ஸ்டில், அந்தப் பக்கம் திருப்பினால் வீடியோ. மாப்பிள்ளை அழைப்பிலிருந்தே அவர் அந்தக் குமிழைத் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

நாகஸ்வரம் எகிறுகிறது. தவில் இடிக்கிறது. நான்கு பக்கமிருந்தும் அட்சதை. இளைஞர் வீடியோவில் இருந்தார். முதல் முடிச்சு விழுந்தது. பெண்ணின் அப்பா பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "தம்பி, போட்டோ எடுப்பா, போட்டோ!" குமிழ் திரும்பியது. நாலு கிளிக். "வீடியோ ஓடுதுல்ல தம்பி?" என்றார் மாப்பிள்ளையின் மாமா. குமிழ் மறுபடியும் திரும்பியது. அதற்குள் மூன்றாவது முடிச்சைப் போட்ட நாத்தனார் நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டிபன் பந்தியில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார். இலையில் பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. அவரோ கேமராவின் பின்திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீடியோ இரண்டு துண்டாக இருந்தது, நடுவில் சில விநாடிகளைக் காணோம். ஸ்டில் நான்கு இருந்தன. நான்கிலும் மாப்பிள்ளையின் கை, தண்ணீரில் கரைத்த சந்தனம்போலக் கலங்கியிருந்தது.

"ஷட்டர் அம்பதுலயே நின்னுடுச்சு சார்" என்றார், யாரிடமும் சொல்லாததுபோல.

அந்த 'அம்பது' என்ன என்பதற்குப் பின்னால் வருகிறேன். இந்தக் கட்டுரையே ஒருவகையில் அந்த 'அம்பது' பற்றியதுதான்.

மூன்று வாரத்தில் மாறிய கதை

லென்ஸ் மாற்றக்கூடிய போட்டோ கேமராவுக்குள் வீடியோ புகுந்த தேதி தெளிவாகவே இருக்கிறது. 2008 ஆகஸ்ட் 27 அன்று நிக்கான் தன் டி90 மாடலை அறிவித்தது. வீடியோ பிடிக்கக்கூடிய முதல் டி.எஸ்.எல்.ஆர். அதுதான். 720 வரித் தரம், ஹெச்.டி.யில் ஒரு தடவைக்கு 5 நிமிடம், அவ்வளவே. சரியாக மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 17 அன்று, கேனன் 5டி மார்க் 2-ஐக் கொண்டுவந்தது. 21 மெகாபிக்சல், பழைய 35 எம்.எம். பிலிம் அளவுக்கே பெரிய சென்சார், முழு ஹெச்.டி. வீடியோ. செய்தி நிறுவனங்களின் போட்டோகிராபர்கள் படத்தோடு ஒரு துண்டு வீடியோவும் அனுப்ப வேண்டிய காலம் வந்துவிட்டதே என்று வைத்துக்கொடுத்த வசதி அது. சினிமாக்காரர்கள் இதைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை. சினிமா ஓடுவது விநாடிக்கு 24 பிரேமில், இந்தக் கேமராவோ 30 பிரேமில் மட்டும்தான் பிடித்தது.

ஆனாலும் தூக்கிக்கொண்டு போனார்கள். வின்சென்ட் லாஃபோரே என்ற அமெரிக்கப் பத்திரிகைப் போட்டோகிராபர், கடைக்கு வராத அந்தக் கேமராவை ஒரு வார இறுதிக்கு இரவல் வாங்கி 'ரெவரி' என்ற குறும்படத்தை எடுத்தார். இரவு நேர நகரம், சாலை விளக்கு வெளிச்சம், பின்னணி கரைந்து நிற்கும் முகங்கள். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அதுவரை வீடியோ கேமராவின் சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுதான். மணப்பெண்ணும் தெளிவாக இருப்பார், பின்னால் அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியும் அதே அளவு தெளிவாக இருக்கும். பெரிய சென்சாரில் ஒரு சாதாரண ஃபிஃப்டி எம்.எம். லென்ஸை மாட்டினாலே நாற்காலி கரைந்து முகம் மட்டும் நின்றது. சினிமா மாதிரி இருக்கே என்று எல்லோரும் சொன்னது அதைத்தான்.

2010-ல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'ஹவுஸ்', ஆறாவது சீசனின் கடைசிப் பகுதி முழுவதையும் இந்த ஸ்டில் கேமராவில் எடுத்தது. 2011-ல் தெலுங்கில் ராம் கோபால் வர்மா 'தொங்கல முட்டா' படத்தை 5டி கேமராக்களை வைத்து ஐந்தே நாளில் முடித்தார். அதே ஆண்டில் மலையாளத்தில் 'சாப்பா குரிசு', இந்தியில் 'ஸ்டான்லி கா டப்பா', இரண்டும் கேனன் 7டி-யில் எடுக்கப்பட்டவை. 2012-ல் தமிழில் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9'. விஜய் மில்டன் ஸ்டில் கேமராவை வைத்து ஒளிப்பதிவு செய்த அந்தப் படம், சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதை வாங்கியது. நடைபாதை இட்லிக் கடை, சாலையோரத் தூக்கம் என்று கதை நடக்கிற இடங்களில் பெரிய சினிமா கேமராவை இறக்கினால் வேடிக்கை பார்க்கக் கூட்டம்தான் கூடும். போட்டோ கேமராவை யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்?

கல்யாண மண்டபத்துக்கு அது வந்து சேர அதிக நாள் பிடிக்கவில்லை. ஆனால் நம் ஊர் டியூப் லைட்டுக்கும் அந்தக் கேமராவுக்கும் முதலில் ஒத்துப்போகவே இல்லை. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை மின்னி மின்னி அணைகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 30 பிரேமில் பிடித்தால் மண்டபமே மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கும். 2010 மார்ச்சில் கேனன் மென்பொருளைத் திருத்தி 24, 25 பிரேம்களைக் கொடுத்த பிறகுதான் அந்தத் தொல்லை அடங்கியது. 25 பிரேம், ஷட்டர் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அசைவு இயல்பாகவும் இருக்கும், விளக்கும் மின்னாது. நம் ஊரில் வீடியோ எடுப்பவர் முதலில் பாடம் பண்ணுகிற எண் இதுதான்.

கும்பகோணத்துத் தம்பி சொன்ன 'அம்பது'ம் இதுவே. வீடியோவுக்கு அமிர்தம், ஸ்டில்லுக்கு விஷம். முடிச்சுப் போடுகிற கையை உறைய வைக்க இருநூற்றைம்பதில் ஒரு பங்காவது வேண்டும். குமிழைத் திருப்பியவர் ஷட்டரைத் திருப்ப மறந்தார். அட்சதைக்கு நடுவில் யாருக்குத்தான் மறக்காது?

பெட்டிச் செய்தி: 29 நிமிடம் 59 விநாடி

பல ஸ்டில் கேமராக்கள் வீடியோவை 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நிறுத்திக்கொண்டதைத் தொழிலில் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். சூடு, மெமரி கார்டு என்று பல காரணம் சொல்லப்பட்டாலும் பெரிய காரணம் வரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் அன்றைய சுங்க விதிப்படி, குறிப்பிட்ட தரத்தில் தொடர்ந்து 30 நிமிடமோ அதற்கு மேலோ பதிவு செய்தால் அது 'வீடியோ கேமரா', வரி கூடுதல். ஒரு விநாடி குறைத்துவிட்டால் ஸ்டில் கேமரா!

இந்தியச் சுங்கச் சலுகையிலும் இதே 30 நிமிடக் கோடு இருந்தது. 2012-ல் டெல்லிக்கு வந்திறங்கிய கேமராக்களுக்கு அந்தச் சலுகை பொருந்துமா என்று கிளம்பிய தகராறு, 'கேனன் இந்தியா' வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. ஆனால் அது ஸ்டில்லா, வீடியோவா என்பதைப் பற்றியது அல்ல, நோட்டீஸ் அனுப்ப வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டா என்பதைப் பற்றியது. இல்லை என்றது அந்தத் தீர்ப்பு. 2024 நவம்பரில் மறுசீராய்வில் அதே நீதிமன்றம், உண்டு என்றது.

ஜி.எஸ்.டி.யில் இந்தச் சண்டை இல்லை. டிஜிட்டல் கேமராவும் வீடியோ கேமரா ரெக்கார்டரும் சேர்ந்தே 28 சதவிகிதத்தில் இருந்தன. 2019 ஜனவரி 1 முதல் சேர்ந்தே 18 சதவிகிதத்துக்கு இறங்கின.

ஒரு கை, இரண்டு தொழில்

கேமரா ஒன்றாகிவிட்டது. வேலை ஒன்றாகிவிட்டதா? இதைத்தான் வாடிக்கையாளரும் ஸ்டூடியோக்காரரும் சேர்ந்தே குழப்பிக்கொண்டார்கள் என்பது என் கட்சி.

ஸ்டில் எடுப்பவர் ஒரு கணத்துக்காகக் காத்திருக்கிறார். வீடியோ எடுப்பவர் அந்தக் கணத்துக்கு முன்னால் ஐந்து விநாடி, பின்னால் ஐந்து விநாடியையும் சேர்த்து எடிட்டருக்குக் கொடுக்க வேண்டும். ஸ்டில்காரர் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பெண்ணின் ஜடையலங்காரத்தை நெடுக எடுப்பார். வீடியோவில் நடுவில் திருப்பினால் மண்டபம் சாய்ந்து விழும். ஸ்டில்காரர் நகர்ந்துகொண்டே இருப்பார், வீடியோக்காரர் நகராமல் நிற்க வேண்டும், நகர்ந்தாலும் கேமரா ஆடாமல் தாங்குகிற கிம்பலில் பூனை நடை.

வெளிச்சத்திலும் இருவருக்கும் ஆகாது. ஸ்டில்காரரின் ஃப்ளாஷ் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிதான் எரியும். பக்கத்தில் வீடியோ ஓடினால், படத்தின் மேல்பாதி மட்டும் வெள்ளையாக வெடித்து, கீழ்ப்பாதி இருட்டாக ஒரு பிரேம் விழும். சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால் வருகிற கோளாறு அது. உங்கள் கல்யாண வீடியோவில் பட்டை பட்டையாக மின்னல் அடித்திருந்தால் வானத்தைக் குறை சொல்லாதீர்கள். மறுபக்கம், வீடியோக்காரர் வைக்கிற எல்.இ.டி. பேனல் முகத்தை அப்பளமாகத் தட்டையாக்குகிறது என்று ஸ்டில்காரர் புலம்புவார். இரண்டு புலம்பலும் நியாயமானவை.

பட்டுப்புடவை தனி வில்லன். காஞ்சிபுரம் கட்டத்தையும் நெருக்கமான ஜரிகைக் கோட்டையும் வீடியோவில் பிடித்தால், துணியில் இல்லாத வானவில் அலை ஒன்று ஓடும். நுணுக்கமான வரிகள் சென்சாரின் புள்ளி வரிசையோடு மோதுவதால் எழும் அலை அது. ஸ்டில்லில் அதே புடவை அம்சமாக இருக்கும். ஆரம்ப கால டி.எஸ்.எல்.ஆர்.களில் இது மிக மோசம். இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. கொஞ்சம் முன்னால் போய், அல்லது ஃபோகஸைப் புடவையிலிருந்து நகையின் பக்கம் நகர்த்தித் தப்பிப்பார்கள். ஹோமப் புகையில் ஆட்டோ ஃபோகஸ் முகத்தை விட்டுவிட்டுப் புகையைத் தேடி அலைவது இன்னொரு கூத்து.

"4கே-லயே எடுத்துடுங்க, அதுலேர்ந்து போட்டோவைக் கட் பண்ணிக்கலாம்ல?" இந்தக் கேள்வியைக் கேட்காத மாமா இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4கே வீடியோவின் ஒரு பிரேம் 3840-க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளி. கரிஷ்மா ஆல்பத்தின் 12-க்கு 18 அங்குலப் பக்கத்தை நல்ல தரத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடிக்க 1 கோடியே 94 லட்சம் புள்ளி வேண்டும். பாதிகூடத் தேறாது. 8கே-யில் 3 கோடியே 30 லட்சம் தேறும். ஆனால் அந்தப் பிரேமும் ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டரில் எடுத்ததுதானே? புள்ளி எத்தனை கோடியானாலும் கலங்கிய கை கலங்கிய கைதான்.

8கே என்றதும் இன்னொன்று. 2020-ல் வந்த கேனன் ஆர்5 கேமரா 8கே-யில் தொடர்ந்து 20 நிமிடம்தான் ஓடும், அதற்குமேல் சூடு தாங்காது என்று நிறுவனமே அறிவித்தது. அந்தக் கணக்கு 23 டிகிரி அறை வெப்பத்துக்கு. வைகாசியில், ஏ.சி. இல்லாத மண்டபத்தில், ஹோமகுண்டத்துக்குப் பக்கத்தில் 23 டிகிரிக்கு எங்கே போவது?

கெட்டிமேளம் உள்ளே போகாது

கல்யாண வீடியோவில் படம் சொதப்பினால் உடனே தெரிந்துவிடும். சத்தம் சொதப்பினால், ஒரு வருடம் கழித்து டி.வி.யில் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும்.

ஸ்டில் கேமரா செய்தவர்களுக்குக் காது பிந்தித்தான் முளைத்தது. 5டி மார்க் 2-வில் மைக் மாட்டத் துளை உண்டு, என்ன பதிவாகிறது என்று கேட்க ஹெட்போன் துளை கிடையாது. அது 2012-ல் மார்க் 3 வந்தபோதுதான் கிடைத்தது. ஒலி அளவை நாமே வைத்துக்கொள்ளும் வசதியும் முதலில் இல்லை, எல்லாம் தானியங்கி. அந்தத் தானியங்கிக்கு நாகஸ்வரம் என்றால் என்னவென்று தெரியாது. மந்திரம் மெதுவாகக் கேட்கும்போது ஒலியை ஏற்றி வைத்திருக்கும். கெட்டிமேளம் வெடித்ததும் பதறிப்போய் இறக்கும். மேளம் நின்ற பிறகும் சில விநாடி அந்தப் பயம் தெளியாது. அடுத்த மந்திரத்தை ஆரம்பிக்கிற குரல் எறும்பு நடக்கிற சத்தமாகப் போய்விடும். அளவு மீறிக் கிழிந்துபோன நாகஸ்வரத்தை எந்த எடிட்டராலும் தைக்க முடியாது.

விவரம் தெரிந்தவர்கள் கேமராவின் காதை நம்புவதே இல்லை. சின்ன ரெக்கார்டர் ஒன்றைச் சாஸ்திரிகளின் அங்கவஸ்திரத்தில் சொருகுவார்கள். மண்டபத்து மைக் செட் அண்ணனைப் பிடித்து மிக்ஸரிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக்கொள்வார்கள். மேளக் கச்சேரிக்காரர்களிடம் முதல் நாளே போய், எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டு வைப்பார்கள். சில ஆயிரம் ரூபாய் ரெக்கார்டர் செய்கிற வேலையை லட்ச ரூபாய் லென்ஸ் செய்யாது. என்னைக் கேட்டால், வீடியோக்காரர் தொழில் தெரிந்தவரா என்று கண்டுபிடிக்க அவருடைய பையில் கேமராவுக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

ஆள் பாதி, கேமரா பாதி

வி.ஹெச்.எஸ். காலத்தில் யார் வீடியோக்காரர் என்று கேட்கவே வேண்டாம். தோளில் குழந்தை சைஸுக்குக் கேமரா. பின்னால் ஒயரைப் பிடித்துக்கொண்டு ஒருவர், கண்ணைக் குருடாக்கும் ஹாலஜன் விளக்கோடு லைட் பாய். அவர்கள் வந்தால் கூட்டம் தானாக விலகும், சாப்பிட்டுக்கொண்டிருந்த பாட்டி முந்தானையைச் சரிசெய்வார். மரியாதை ஆளுக்கா, தோளில் இருந்த பெட்டிக்கா என்பது கேமரா சிறுத்த பிறகு தெரிந்துபோனது.

கம்பெனிகளுக்கு இது முன்பே தெரியும். 2007-ல் சோனி வெளியிட்ட ஹெச்.டி.1000 என்ற தோள் கேமராவைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஹேண்டிகேம் சமாச்சாரம். கல்யாணம், விழா எடுப்பவர்களுக்காகவே அதைப் பெரிய கூட்டுக்குள் வைத்து விற்றார்கள். சின்னக் கேமராவோடு போனால் வாடிக்கையாளர் காசு கொடுக்க யோசிக்கிறார் என்ற உண்மை அந்தப் பெரிய கூட்டுக்குள் இருந்தது.

அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. தேவையே இல்லாமல் பேட்டரி கிரிப் மாட்டி கேமராவைக் குண்டாக்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பத்துப் பை வைத்த கோட்டு மே மாதத்திலும் உண்டு. வெள்ளை லென்ஸுக்கு இருக்கிற மவுசைச் சொல்லி மாளாது. வெள்ளை லென்ஸோடு போனால் அரசியல் மேடைக்கு முன்னால்கூடக் காவலர் வழிவிடுவார். வெயிலில் சூடேறாமல் இருப்பதற்காகத்தான் அந்த நீண்ட லென்ஸுக்கு வெள்ளைப் பூச்சு. நம் ஊரில் அது அடையாள அட்டையாகிவிட்டது.

எதிர்ப்பக்கத்திலும் குழப்பம்தான். பழைய சின்னங்களின் டிக்கெட் கவுன்ட்டரில் 'ஸ்டில் இலவசம், வீடியோ 25 ரூபாய்' என்ற பலகை நெடுங்காலம் தொங்கியது. கோயில், அருங்காட்சியகம், பூங்கா என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு பலகை, ஒரு கட்டணம். மகாபலிபுரத்தில் ஒருமுறை என் கையிலிருந்த கேமராவைப் பார்த்த ஊழியர், "இது எது சார், ஸ்டில்லா, வீடியோவா?" என்றார். ரெண்டும்தான் என்றேன். சற்று யோசித்தார். "ஸ்டேண்ட் இருக்கா?" இல்லை என்றேன். "அப்ப ஸ்டில்தான், போங்க." டிரைபாடுதான் தொழிலுக்கு அத்தாட்சி. உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீராத கேள்வியை அவர் பத்து விநாடியில் தீர்த்துவைத்தார்.

இன்று அந்த அத்தாட்சியும் ஆட்டம் காண்கிறது. மேடையைச் சுற்றி நாற்பது செல்போன். 2023 அக்டோபரில் ஆப்பிள் தன் அறிமுக நிகழ்ச்சி முழுவதையும் ஐபோனிலேயே எடுத்துக் காட்டியது. எடுத்த விதத்தைப் பார்த்தால் கிரேன், டிராலி, பெரிய பெரிய விளக்குகள் என்று முழு சினிமா செட்டு. போன் மட்டும்தான் சின்னது. சித்தப்பா மகன் கையில் இருப்பதும் அதே போன்தான். சுற்றி நின்ற ஆட்கள்தான் அவனிடம் இல்லை.

அப்படியானால் தொழில்காரர் என்று எதை வைத்துச் சொல்வது? நான் பார்த்த நல்ல போட்டோகிராபர்கள் மேடையில் கண்ணில் படுவதே இல்லை. கோயில் கல்யாணம் என்றால் வேட்டியில் வருவார்கள். காலணி எங்கே கழற்ற வேண்டும், ஹோமகுண்டத்துக்கு எந்தப் பக்கம் குறுக்கே போகக் கூடாது என்பது தெரியும். முக்கியமாகச் சடங்கு தெரியும். காசி யாத்திரை எந்த வாசல் பக்கம், ஊஞ்சல் எப்போது, கூரைப்புடவை மாற்றப் போனால் எத்தனை நிமிடம் இடைவெளி, மூன்றாவது முடிச்சு போடப்போகிற நாத்தனார் யார் என்பதை முதல் நாளே கேட்டு வைத்திருப்பார்கள். ஒரு சமூகத்தில் தாலிக்கு முன்னால் மாலை மாற்றுவார்கள், இன்னொன்றில் பின்னால். இதைத் தெரியாதவரிடம் எந்த மாடல் கேமரா இருந்தால் என்ன?

லைட் பாய் எங்கே போனார்?

கேமரா ஒன்றானதில் யாருக்கு என்ன ஆனது என்று யாரும் உட்கார்ந்து கணக்கெடுக்கவில்லை. ஆனால் கண்ணெதிரே நடந்தது. இருட்டிலும் பார்க்கிற சென்சார் வந்ததும் முதலில் காணாமல் போனவர் லைட் பாய். அந்த வேலை வெறும் எடுபிடி வேலை அல்ல, தொழிலுக்குள் நுழையும் வாசல். இரண்டு வருடம் விளக்குப் பிடித்தவர், முகத்தில் வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று கற்றுக்கொண்டு மூன்றாவது வருடம் கேமராவைத் தொடுவார். இன்று தவணையில் கேமரா வாங்கி, யூடியூபில் பார்த்து, நேராக முகூர்த்த மேடையில் ஏறுகிறார்கள். திறமைசாலிகள் வருகிறார்கள், மறுக்கவில்லை. முதல் தப்பை யாரோ ஒருவர் வீட்டுத் தாலியில் செய்துதான் கற்றுக்கொள்கிறார்கள், அதுதான் உறுத்துகிறது.

பத்திரிகைத் துறையில் இது இன்னும் முரட்டுத்தனமாக நடந்தது. 2013 மே மாதம் அமெரிக்காவின் 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழ் தன் போட்டோகிராபர்கள் 28 பேரையும் ஒரே நாளில் வேலையைவிட்டு அனுப்பியது. புலிட்சர் பரிசு வாங்கிய ஜான் ஒயிட்டும் அதில் ஒருவர். வாசகர்கள் வீடியோ கேட்கிறார்கள் என்பது நிர்வாகம் சொன்ன காரணம். செய்தியாளர்கள் கையில் ஐபோன் கொடுத்துப் பயிற்சி நடந்தது. எல்லாம் எடுக்கிற ஒரே ஆள் என்ற ஆசை முதலாளிக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

கேமரா செய்பவர்களும் தப்பவில்லை. 2010-ல் உலகம் முழுவதும் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் ஸ்டில் கேமராக்கள் விற்பனைக்குப் போயின. 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே. மிச்சமிருக்கும் சந்தையில் பிழைக்க எல்லா மாடலிலும் வீடியோவைத் திணிக்கிறார்கள். 2024-ல் நிக்கான், சினிமா கேமரா செய்யும் ரெட் நிறுவனத்தையே வாங்கியது. முதன்முதலில் டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் வீடியோவை வைத்தவர்கள் கடைசியில் சினிமா கேமரா கம்பெனிக்கே சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

நம் ஊர்ச் சந்தையில் பேக்கேஜ் என்ற சொல் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. டிரெடிஷனல் போட்டோ, டிரெடிஷனல் வீடியோ, கேண்டிட், சினிமாட்டிக், டிரோன், இப்போது கூடவே அன்றைக்கே கையில் கொடுக்கிற ரீல்ஸ். தாள் நிறையப் பட்டியல் இருக்கும். எத்தனை ஆள் வருவார்கள் என்பது மட்டும் அந்தத் தாளில் இருக்காது. விலையைக் குறைக்கச் சொன்னால் ஸ்டூடியோக்காரர் குறைப்பது கேமராவை அல்ல, அதைத்தான் நீங்கள் பார்ப்பீர்களே. ஆளைக் குறைப்பார். சாலிகிராமத்திலும் வடபழனியிலும் கேமராவை நாள் வாடகைக்கு எடுத்துவிடலாம், மூன்று மாடல் பெயரைத் தாளில் போட்டுவிடலாம். அவற்றைப் பிடிக்க மூன்று ஜோடிக் கை வேண்டும். கும்பகோணத்துத் தம்பியின் பேக்கேஜிலும் 'போட்டோ + வீடியோ' என்றுதான் இருந்திருக்கும். அந்தக் கூட்டல் குறிக்கு உள்ளே நின்றவர் அவர் ஒருவர்.

பெட்டிச் செய்தி: ஒரு கல்யாணம், எத்தனை ஜி.பி.?

மினி டி.வி. (MiniDV) கேசட் காலத்தில் ஒரு மணி நேர வீடியோ ஏறக்குறைய 13 ஜி.பி. கேசட்டை ஸ்டூடியோ பீரோவில் அடுக்கினால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இன்றைய 4கே, விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. மூன்று கேமரா, ஆளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 810 ஜி.பி. பாதுகாப்புக்கு இன்னொரு பிரதி வைத்தால் 1,600 ஜி.பி.யைத் தாண்டும். போட்டோக்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

பெட்டிச் செய்தி: படம் யாருக்குச் சொந்தம்?

1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவு: ஒருவர் கேட்டுக்கொண்டு, காசு கொடுத்து எடுக்கப்பட்ட போட்டோவுக்கும் படத்துக்கும் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே கதை மாறும். உங்கள் கல்யாணப் படத்தை ஸ்டூடியோ தன் விளம்பரத்துக்குப் போடலாமா என்பது நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. தாளே இல்லை என்றால் சட்டம் உங்கள் பக்கம்.

முன்பணம் கொடுக்கும் முன்

புதிதாகக் கல்யாணம் பேசும் வீடுகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். என்ன கேமரா என்று கேட்காதீர்கள், எல்லாக் கேமராவும் இன்று நன்றாகவே எடுக்கிறது. முகூர்த்த நேரத்தில் மேடையில் எத்தனை பேர் நிற்பார்கள், அதில் ஸ்டில் யார், வீடியோ யார் என்று கேளுங்கள். கையில் காசு குறைவா? வீடியோவை விட்டுவிட்டு நல்ல போட்டோகிராபர் ஒருவரை வையுங்கள், அல்லது போட்டோவைக் குறைத்துக்கொண்டு இரண்டு பேரை முகூர்த்தத்துக்கு மட்டும் கூப்பிடுங்கள். ஒரே ஆள் இரண்டையும் எடுப்பார் என்று யாராவது சொன்னால், சொல்கிறவர் எந்த விநாடியைக் கோட்டைவிடப் போகிறார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சத்தம் எதில் பதிவாகும், மெமரி கார்டு இரண்டில் ஒரே நேரத்தில் ஏறுமா என்ற இரண்டு கேள்விக்குத் தயங்காமல் பதில் வந்தால் ஆளை நம்பலாம்.

கல்யாணம் முடிந்தவர்களுக்கு ஒன்றே ஒன்று. டீசரையும் ஆல்பத்தையும் வாங்கியதோடு நிற்காதீர்கள். வெட்டாத, ஒட்டாத முழு வீடியோ, முகூர்த்தத்தின் ஒவ்வொரு விநாடியும், பாட்டு ஏற்றாத நாகஸ்வரமும் பாட்டியின் குரலும், ஸ்டூடியோவின் ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. அடுத்த முகூர்த்த சீசனுக்கு அந்த டிஸ்க்கில் இடம் வேண்டும் என்றால் எது முதலில் அழிக்கப்படும் என்று சொல்ல வேண்டியதில்லை. புது ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கிக்கொண்டு, இந்த வாரமே ஸ்டூடியோவுக்குப் போன் போடுங்கள்.